பச்சையாகவே நின்ற முதல் திரை

ஆடிக் கிருத்திகையன்று காலை பத்து மணிக்கு, திருத்தணிப் படிகளின் அடிவாரத்தில் மாட்டியிருந்த பெரிய டிவியில் 'படிவழி திறந்திருக்கிறது' என்று பச்சையில் எரிந்துகொண்டிருந்தது. பம்பைச் சத்தத்தில் மைக் எடுபடாது. அதனால் கயிறு பிடித்து நின்றவர்கள் டிவியைப் பார்த்துத்தான் காவடிகளை மேலே விட்டார்கள்.

டிவிக்குப் பின்னாலிருந்த பந்தலில் சாய்லக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். மலைமேல் மடப்பள்ளியில் சமைக்கும் குடும்பத்துப் பெண். சென்னையில் நாலு வருஷம் ஆப் எழுதினாள். கம்பெனி ஆட்களைக் குறைத்ததும் ஊர் திரும்பி, டியூஷன் சென்டருக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஆப் செய்து பிழைத்தாள். ஊரே பார்க்க அவள் செய்தது, இந்த டிவிக்கு நிலை சொல்லும் ஆப்தான் முதல்.

தொண்டர் சடகோபனின் போனில் அந்த ஆப்புக்கு இரண்டு திரைகள். முதல் திரையில் வழியின் நிலை. டிவியில் தெரிவதும் அதுதான். நிலையை மாற்றுவது இரண்டாம் திரையில். மாற்றியதை அது முதல் திரைக்குச் சொல்ல 'டெலிகேட்' என்றொரு ஏற்பாடு. யாரிடம் சொல்ல வேண்டும் என்று முன்பே அதற்குக் குறித்துக் கொடுத்திருக்க வேண்டும். குறிக்காவிட்டால் அது பிழை என்று கத்தாது. பேசாமல் இருந்துவிடும்.

முந்தின நாள் சாயங்காலம் சடகோபன், "மெனுவுல பூந்து தேடிகினு இருக்க முடியாதும்மா. அவசரத்துக்கு ஒரு செவப்பு பட்டன் வெச்சுக் குடு" என்று கேட்டார். வைத்தாள். தட்டியதும் இரண்டாம் திரை திறந்தது. அதோடு விட்டுவிட்டாள்.

பத்தேகாலுக்கு, மேலே படிகள் திரும்பும் இடத்தில் நின்ற அண்ணன் கிரிதர் போனில் கூப்பிட்டான். "சாயி, திருப்பத்துல நெருக்கறது. கீழே நிறுத்தச் சொல்லு."

அவள் சொன்னதும், பக்கத்திலிருந்த சடகோபன் சிவப்பு பட்டனைத் தட்டி, 'மூடு' என்பதை அழுத்தினார். "ஆங், மூடியாச்சு. இன்னா ஸ்பீடு பார்த்தியா!" போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏழு நிமிஷம் கழித்துக் கிரிதர் மறுபடியும் கூப்பிட்டான். அவன் குரல் மாறியிருந்தது. "நிறுத்தினேளா இல்லையா? இன்னும் வந்துண்டே இருக்காடீ!"

"அப்பவே நிறுத்தியாச்சுண்ணா."

சொல்லிக்கொண்டே பந்தலைச் சுற்றி டிவியின் முன்னால் ஓடினாள். பச்சை. கயிறு தாழ்ந்து கிடந்தது. மஞ்சள் வேட்டிகளும் பூக்காவடிகளுமாக ஆட்கள் அரோகரா சொல்லி ஏறிக்கொண்டிருந்தார்கள். மெனு வழியாகப் போனால் மட்டுமே டெலிகேட் குறித்திருந்தது அவள் நினைவுக்கு வந்தது. புது பட்டனுக்கு அதைக் குறிக்கவேயில்லை.

சடகோபனின் பையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"இன்னாம்மா, நான்தான் மூடிட்டேனே?"

"நீங்க மூடினீங்க. அது யாருக்கும் சொல்லல."

மெனு வழியாகப் போய் மாற்றினாள். டிவி சிவந்தது. கயிறு ஏறியது. அடிவாரம் நின்றது.

ஆனால் அந்த ஏழு நிமிஷத்தில் ஏறியவர்கள் படியில் இருந்தார்கள். தோளில் ஏற்றிய காவடியைச் சந்நிதி சேரும்வரை யாரும் இறக்க மாட்டார்கள். பாதிவழியில் திரும்பவும் மாட்டார்கள். சாய்லக்ஷ்மி கயிற்றுக்கடியில் குனிந்து படியேறினாள். "நில்லுங்க, அப்படியே நில்லுங்க" என்று ஒவ்வொரு முதுகையும் தொட்டுச் சொன்னாள். அவள் தொட்டவர் நின்றார். அவருக்கு முன்னால் போனவர் நிற்கவில்லை.

திருப்பத்துக்கு இன்னும் நாற்பது படி இருக்கும்போது மேலே பம்பை நின்றது. அரோகராவும் நின்றது. பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

கிரிதருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.