வார்டே காத்திருந்த சத்தம்

போன வருஷம் ஆடி மாதம். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு ஈரலில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு ஈரலிலும் ஒரு பகுதி போய்விட்டது. மிச்சம் இருப்பது தானாக வளர்ந்துகொள்ளும் என்றார் பெரிய டாக்டர். தலையாட்டினேனே தவிர, நான் நம்பவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆவடி பாக்டரியில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. சின்னக் கீறல் இருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார், பொய்யாக ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. கூச்சம் என்றால் அப்படியொரு கூச்சம். ஆஸ்பத்திரியில்கூட டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் தலை வாரிவிடச் சொல்வார்.

காலேஜ் ஆஸ்பத்திரி இல்லையா, காலையானால் டாக்டருக்குப் படிக்கிற பெண்கள் கும்பலாக வந்துவிடுவார்கள். எல்லாம் எங்கள் மகள் வயசு. வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான். "அப்பா, காத்து பிரிஞ்சுதா?" காற்று பிரிந்தால்தான் குடல் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தமாம். அப்புறம்தான் வாய்வழியாக ஆகாரம். இவர் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே "இல்லம்மா" என்பார். போகப்போக வார்டில் இருந்த எல்லோருமே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் பெரிய டாக்டரின் முகமே மாறிவிட்டது. வயிறு உப்பலாக இருக்கிறது, மறுபடியும் மூக்கில் குழாய் போட்டு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். திரும்பவும் வயிற்றைத் திறந்துவிடுவார்களோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. வராந்தாவில் நின்று அழுதேன்.

பக்கத்துக் கட்டில்காரர் பாடி ஊர்க்காரர், லாரி ஓட்டுகிறவர். பித்தப்பை ஆபரேஷன் ஆனவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என்னிடம் வந்தார்.

"அழுவாதக்கா. அண்ணாத்தே பொய் சொல்லிகினு கீறாரு. நேத்துலேர்ந்து காத்து பிரிஞ்சிகினுதான் கீது. என் காதால கேட்டேன்."

உள்ளே ஓடிப் போய் இவரைக் கேட்டேன். மனுஷன் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

"பொம்பளப் புள்ளைங்ககிட்ட அதைப் போய் எப்டிடி சொல்றது?"

அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் சிரிப்புதான் வந்தது. டாக்டர் கூட்டம் அதற்குள் அடுத்த வார்டுக்குப் போய்விட்டது. குழாய் வேண்டாம் சார், அவருக்கு நேற்றே காற்று பிரிந்துவிட்டது என்று நான் போட்ட சத்தம் அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். டாக்டர் திரும்பி வந்தார். ஸ்டெத் வைத்துக் கேட்டார், விஷயத்தைக் கேட்டார், சிரித்துவிட்டார். இனிமேல் இந்தக் கேள்விக்கு ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அந்தப் பெண்களிடம் சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள். லாரிக்காரர் விசிலடிக்கப் போய், தையல் வலித்துப் பாதியில் நிறுத்தினார். அன்று மத்தியானம் இவர் ஸ்பூன் ஸ்பூனாக இளநீர் குடித்ததை வார்டே வேடிக்கை பார்த்தது.

இப்போது வேலைக்குப் போகிறார். ஈரல் வளர்ந்திருப்பதும் கட்டி இல்லாததும் ஸ்கேனில் தெரிந்தது. கூச்சம் மட்டும் போகவில்லை, இன்னமும் அதற்கென்று எழுந்து பால்கனிக்குப் போகிறார். சமையலறையில் இருந்தபடியே நான் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறேன், கேட்ட ஒவ்வொரு தடவையும் என் மனுஷன் நன்றாக இருக்கிறார் என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.