மழையில் மனை காட்டியவர்

ஐப்பசி மழை மூன்றாம் நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்த காலையில் பக்கத்து வீட்டு ராஜன் குடையோடு வந்து கேட் அருகே நின்றார். "தாணு அண்ணன் போயிட்டாரு, கேட்டியளா? வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி. அண்ணன எங்க வைக்கதுன்னு தெரியல்ல" என்றார்.

நிலத்தரகருக்கு அஞ்சலியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நாகர்கோவில் மாநகராட்சியின் இந்தத் தெற்கு ஓரம் உண்டான கதையை அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல் இது. முதலில் வாழை வைத்தார்கள், பிறகு தென்னை, பிறகு எல்லைக்கல். இன்று வளைகுடாப் பணத்தில் எழுந்த மூன்று மாடி வீடுகள், பல் ஆஸ்பத்திரி, ஜிம், பிரியாணிக் கடை. வயல் அழிந்ததில் தனக்கும் பங்குண்டு என்பதை அண்ணன் மறைத்ததில்லை. "வயல வித்தவனும் நாந்தான். வாங்குனவன் நனையாம பாக்கதும் எனக்க வேலதான்" என்பார்.

நான் மனை கேட்டுப் போனது ஒரு சித்திரை மாதம். காட்ட மறுத்துவிட்டார். "ஐப்பசியில வாரும் ஓய். மழையில நின்னு பாத்துட்டு வாங்கும்." பிழைக்கத் தெரியாத மனிதர் என்று மனைவியிடம் கிண்டலடித்தேன். ஐப்பசியில் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டும் மழையில் நிறுத்தினார். நான் ஆசைப்பட்ட சாலையோர மனையில் என் கணுக்கால் மூழ்கியது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பின்னால்தான் அறிந்தேன். தொழிலுக்கு வந்த புதிதில், கோடையில் ஒரு மனையைக் காட்டி ஸ்டெல்லா டீச்சருக்கு விற்றிருக்கிறார். டீச்சர் வீடு கட்டிக் குடியேறிய முதல் மழையிலேயே கட்டில் மிதந்தது. டீச்சர் ஒரு சண்டையும் போடவில்லை. அதுதான் அண்ணனைப் படுத்தியெடுத்தது. மேட்டில் தான் கட்டியிருந்த வீட்டை டீச்சருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்து வீட்டுக்குத் தான் குடிபோனார். அண்ணி ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம்.

அண்ணன் போன அன்று காலை நாங்கள் தெருவில் நனைந்துகொண்டு மண்டபம் கேட்கலாமா, பள்ளிக்கூடம் கேட்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். மண்டபக்காரர்கள் சாவுக்குக் கொடுப்பதில்லை. அப்போது டீச்சர் குடைகூட இல்லாமல் வந்தார். எண்பதை நெருங்கும் வயது.

"எதுக்கு ஊரெல்லாம் எடம் தேடுதிய? அவரு கெட்டுன வீட்டுக்கு அவரக் கொண்டு வாங்க."

டீச்சர் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே நாற்காலிகளை ஒதுக்கி அண்ணனைக் கிடத்தினோம். தலைமாட்டில் குத்துவிளக்கை டீச்சரே ஏற்றினார். நான் அப்போதுதான் அழுதேன்.

மனை வாங்கியபோது அவர் எனக்குத் தந்த வரைபடம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தண்ணீர் நிற்கும் இடங்களையெல்லாம் நீலப் பென்சிலால் தீட்டிக் கொடுத்திருந்தார். இங்கே மனை தேடி வருகிறவர்களுக்கு இனி அதை நான் காட்டுவேன். அதில் மிக அழுத்தமாகத் தீட்டியிருப்பது அவருடைய சொந்த வீட்டைத்தான்.