பிளாவில் வந்த கஞ்சி

1995ஆம் ஆண்டு, பங்குனி மாதம். அப்போது வன்னியில், உடையார்கட்டில் இருந்தோம். என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று கண்டு, கொழும்பில் வெட்டி எடுத்து, இரண்டு ஊசியும் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதம் மூன்றாவது ஊசி. நிறை இன்னும் குறைந்தால் அதைத் தள்ளிப்போட வேண்டிவரும், எப்படியாவது சாப்பிடப் பண்ணுங்கள் என்று டொக்டர் சொன்னதுதான் என் காதில் நின்றது. தள்ளிப்போட்டால் வன்னியை விட்டு வெளியேற மறுபடி பாஸ் கிடைக்குமா, கொழும்புக்குப் பாதை திறந்திருக்குமா, யார் கண்டது?

வாந்தி வரும் என்றார்கள், வந்தது. முடி கொட்டும் என்றார்கள், கொட்டியது. ஆனால் வாயில் எதை வைத்தாலும் இரும்பு ருசிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சோறு, பால், இடியப்பம், எல்லாம் ஒரே கதைதான்.

"துருப்பிடிச்ச ஆணியைச் சூப்பிற மாதிரிக் கிடக்குதப்பா" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். சங்கக்கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு கிழமையில் இரண்டு கிலோ போயிருந்தது. பயந்துபோனேன்.

பக்கத்துக் காணியில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு மீன்பிடிக் குடும்பம் இருந்தது. வேதக்காரர். வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்துக்கொள்வதோடு சரி. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கஞ்சி காய்ச்சி அயலுக்கும் கொடுப்பார்கள். ஒரு வெள்ளி மத்தியானம் அந்த வீட்டுப் பெண் எங்கள் படலையில் வந்து நின்று, பனையோலையை மடித்துக் கட்டிய பிளா ஒன்றை நீட்டினார்.

"அக்காவுக்குக் குடுத்துப் பாருங்கோ அண்ணை."

மனைவியின் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் பிளா காலி. "இன்னும் கிடைக்குமோ?" என்கிறாள்!

நான் தண்ணீர்ப் பம்பு நின்றுபோனால், திருத்துவதற்கு முன் ஏன் நின்றது என்று கழற்றிப் பார்க்கிற ஆள். அந்தக் கஞ்சியில் என்ன இருக்கிறது என்று அறியாமல் விடுவேனா? போய்க் கேட்டேன். சிவப்புப் பச்சையரிசி, பயறு, தேங்காய்ப்பால், உப்பு. வேறொன்றும் இல்லை. அதே மாதிரிக் காய்ச்சி, தேத்தண்ணி குடிக்கிற சில்வர் பேணியில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவள் துப்பிவிட்டாள். சரி, அவர்களுடைய மண்சட்டியில்தான் சங்கதி இருக்கிறது என்று அதையும் இரவல் வாங்கிக் காய்ச்சி, அதே பேணியில் ஊற்றிக் கொடுத்தேன். அதுவும் சரிவரவில்லை.

"உங்களுக்குச் சமையல் வராது, விடுங்கோ" என்று அந்த நிலையிலும் பகிடி பண்ணினாள்.

அடுத்த வெள்ளியும் பிளா வந்தது. ஓலையில் கொடுப்பது அழகில்லை என்று, பாதியை எங்கள் பேணியில் ஊற்றிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள். பிளாவில் மிஞ்சியதை நீட்டினேன். மடமடவென்று குடித்துவிட்டாள். இரண்டும் ஒரே கஞ்சி! பேணியையும் பிளாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே சில்வர் சாமான் எல்லாவற்றையும் குசினியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். கஞ்சிக்குப் பிளா, சோற்றுக்கு வாழையிலை, கரண்டிக்குப் பதில் சிரட்டை அகப்பை. எல்லாம் ருசித்தது என்று சொல்லமாட்டேன். இரும்பு பாதியாகக் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் சாப்பாடு உள்ளே இறங்கியது. கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள் நிறுத்துப் பார்த்தபோது அரைக் கிலோ ஏறியிருந்தது.

சந்தோசம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"தங்கச்சி, பிளாவில குடுத்தாத்தான் இறங்கும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "எனக்கொண்டும் தெரியாதண்ணை. எங்கட வீட்டுப் பேணியில தந்தா நீங்கள் வாங்குவியளோ எண்டுதான்..."

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு என் வீட்டார் சிரட்டையில்தான் தண்ணீர் வார்ப்பார்கள். வீட்டுப் பேணியை அவர்கள் தொட்டதில்லை, அவர்கள் வீட்டில் நாங்களும் வாய் நனைத்ததில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் தேடுகிற நான் அதற்கு மட்டும் ஒருநாளும் காரணம் கேட்டதில்லை. எங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அந்தப் பெண் தானாகவே ஓலை மடித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"குடிக்கத் தண்ணி தாங்கோ தங்கச்சி. உங்கட பேணியில தாங்கோ."

என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, கழுவிக் கவிழ்த்திருந்த பேணியை எடுத்து, தேய்த்து மறுபடி கழுவினார். பார்த்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. வாய் வைத்துக் குடித்தேன்.

மூன்றாவது ஊசி பிந்தாமல் ஏறியது. மருந்தெல்லாம் முடிந்து சில மாதங்களில் மனைவியின் வாயிலிருந்த இரும்பும் போய்விட்டது, இன்று சில்வர் பேணியில்தான் தேத்தண்ணி குடிக்கிறாள். சுத்தமாக இருந்த பேணியை அந்தப் பெண் எனக்காக இன்னொருமுறை கழுவியதுதான் எனக்கு இன்னும் செமிக்கவில்லை.