ஜாலான் புசாரின் ராசியில்லாதவள்

ஜாலான் புசார் திடலில் நான் முதன்முதலாகக் கால் வைத்த அன்று சிங்கப்பூர் கால்பந்து அணி தோற்றுப்போனது. பழி என் தலையில் விழுந்தது. கோல்காரர் கைநழுவவிட்ட பந்துக்கு நான் என்ன செய்வேன்? ஆனால், துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் அதுதான் சட்டம். புதிதாக ஒருவர் வந்து அணி தோற்றால், அவர் மறுபடி வரக்கூடாது. ஜெயித்த அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்கவும் மாட்டார்கள். அந்த நாற்றம் ராசி, நான் மட்டும் ராசியில்லாதவள்!

எனக்கோ பந்தாட்டம் என்றால் உயிர். அடுத்துத் தோற்றால் கோப்பை போச்சு என்ற நிலையில் மலாயாவிலிருந்து ஓர் அணி வந்தது. அன்று நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

“வேணாம் லா. இன்னிக்கு மட்டும் வேணாம்,” என்றார் கணவர்.

“இன்னிக்குத் தோத்தா, இனிமே அந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன். போதுமா?” என்றேன். வாய்க்கொழுப்புதான், வேறென்ன.

பாதி ஆட்டம் முடிவதற்குள் நம் வலையில் ஒரு கோல் விழுந்துவிட்டது. கூட்டாளிகள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாகக் கணவர் எழுந்து “யாரு பந்து?” என்று கத்துவார், மற்றவர்கள் “நம்ம பந்து!” என்பார்கள். அன்று எல்லாரும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

“எல்லார் வாயிலயும் என்ன கொழுக்கட்டையா?” என்று பலகைமேல் ஏறி நின்றேன். “யாரு பந்து?”

இன்னும் உரக்கக் கத்தினேன். காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே கடலை விற்றுக்கொண்டிருந்தவர்தான் முதலில், “நம்ம பந்து!” என்றார். பிறகு என் கணவர். அப்புறம் வரிசை முழுக்க. தமிழே தெரியாத மலாய்க்காரர்களும் சீனர்களும் அடுத்த பக்கத்திலிருந்து “நம்ம பந்து!” என்று முழங்கியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த இரைச்சலுக்குள்ளேயே சமன் செய்யும் கோல் விழுந்தது. கடைசி நிமிடங்களில் இடப்பக்க ஆட்டக்காரர் கோட்டோரமாக ஓடிவந்து பந்தைத் தூக்கிப் போட, நடுவில் நின்றவர் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். ஜெயித்துவிட்டோம்! யாரோ ஒரு சீனக் கிழவி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நானும் குதித்தேன்.

மறுநாளே கூட்டாளிகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

“அண்ணி, அடுத்த ஆட்டத்துக்கு நீங்க கட்டாயம் வரணும். நேத்து உங்க ராசியிலதான் ஜெயிச்சோம்,” என்றார் ஒருவர். பக்கத்தில் என் கணவர் பெருமையாகத் தலையாட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது.

“ராசியாவது ஒண்ணாவது! அவங்க ஓடினாங்க, ஜெயிச்சாங்க. நான் ஆட்டம் பாக்க வரேன்,” என்றேன். “தோத்தாலும் வருவேன்.”