படத்து வீட்டு முருங்கை

மலேசியாவில், பாடாங் செராய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் படம் எடுக்க வந்தார்கள். இலங்கையில் சண்டை ஓய்ந்தபின் இளம்பிள்ளைகள் வீடு திரும்பும் கதையாம். பலகையில் ஒரு யாழ்ப்பாணத்து வீடு கட்டி, முற்றத்தில் முருங்கைக் கொம்பு ஒன்றையும் நட்டார்கள். ஊர்க்கூட்டமாக நிற்க என்னையும் கூப்பிட்டார்கள். பக்கத்தில் நின்றவள் யாழ்ப்பாணத்திலிருந்தே வந்த பெண். ஒட்டிய கன்னம், எண்ணெய் வைத்து இறுக்கிய பின்னல். தினமும் வந்ததும் அந்தக் கொம்புக்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றுவாள்.

“படம் முடிஞ்சா பிடுங்கிடுவாங்க லா. என்னத்துக்கு ஊத்துற?” என்றேன்.

“எங்கட முருங்கையும் இப்பிடித்தான் முத்தத்தில நிண்டது, அம்மா. வீடும் இல்லை, மரமும் இல்லை. இதாவது நிக்கட்டுமே,” என்றாள்.

கடைசி நாள் வீட்டைப் பிரித்தார்கள். ஒருவன் கொம்பில் கை வைத்தான். அவள் என்னைப் பார்த்தாள். என் குரலுக்குத் தோட்டமே அடங்கும்.

“டேய் தம்பி, அதத் தொட்டுப் பாரு, அப்புறம் இருக்கு!” என்றேன். விட்டுவிட்டான்.

பேர் கேட்காமலே அவளை அனுப்பிவிட்டேன். எங்கே இருக்கிறாளோ. கொம்பு தளிர்த்து என் தலைக்கு மேலே போய்விட்டது. அக்கம்பக்கத்தார் கீரை கேட்கிறார்கள். முதல் கொத்தை அவள்தான் பறிக்க வேண்டும் என்று நான் இன்னும் யாரையும் கிட்டே விடவில்லை.