குழந்தை யார் கையில்?

என் தம்பி மனைவியை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். வயதிலும் சின்னவள், உருவத்திலும் சின்னவள். வாய் மட்டும் அப்படியில்லை. அந்த விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் நல்ல பொருத்தம். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒத்துப்போகிறார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. காலையில் போனால் பொழுது சாயும்வரை ஆவியிலும் வெந்நீரிலும் நின்று, படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து, உதறி, மடித்து அடுக்க வேண்டும். வீட்டில் ஒரு துண்டைக்கூட மடிக்க மாட்டாள். கேட்டால், "சம்பளம் குடுங்க அண்ணி, மடிக்கிறேன்" என்பாள். தம்பிக்கு ரொட்டி பேக்டரியில் ராத்திரி ஷிப்ட். அவள் கிளம்பும் நேரத்துக்கு அவன் வருவான், அவள் வரும் நேரத்துக்கு அவன் கிளம்புவான்.

நான் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர்கள் குடியிருப்பது எனக்கு நேர் மேலே. மாடிப்படி என் கடை வாசலில்தான் வந்து இறங்குகிறது. அதனால் அவர்கள் குடித்தனம் முழுவதும் என் கண்ணில் படுகிறது. நானாக எட்டிப் பார்ப்பதில்லை. காலையில் தம்பி உடம்பெல்லாம் மாவோடு படியடியில் வந்து நிற்பான். அவள் குழந்தையோடு இறங்கி வருவாள். "பால் குடிச்சாச்சு. சளி இருக்கு, ஃபேனைக் குறைச்சு வைங்க. டயபர் ரெண்டுதான் மிச்சம்." குழந்தை கை மாறும். தெருமுனையில் ஆஸ்பத்திரி பஸ் ஹாரன் அடிக்கும். அவள் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவாள். சாயங்காலமும் இதே கூத்துதான், ஆட்கள் மட்டும் இடம் மாறியிருப்பார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் டூட்டி மாறும்போதுகூட இதைவிட நாலு வார்த்தை அதிகம் பேசுவார்கள்.

குழந்தைக்கு நாங்கள் வைத்த பெயர் உருண்டை. தவழ ஆரம்பித்திருந்தாள். பகலெல்லாம் விழித்திருந்து அப்பனைத் தூங்கவிட மாட்டாள், ராத்திரியெல்லாம் விழித்திருந்து அம்மாவைத் தூங்கவிட மாட்டாள். அவள் மட்டும் எப்போதுதான் தூங்கினாளோ, யாருக்கும் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் சின்னவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்து, பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணி, பஸ்ல வரும்போது அவர் குரல் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன். பால், சளி, டயபர், இது மூணையும் விட்டா அவர் பேசின எதுவுமே ஞாபகத்துக்கு வரல."

"பேசாத புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்டி" என்றேன். எதற்கும் சிரிக்கிறவள், அதற்குச் சிரிக்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி எவ்வளவு பேசுவாரு தெரியுமா. போனை வைக்கவே விடமாட்டாரு. இப்ப நாங்க புருஷன் பெண்டாட்டியா, இல்ல ஒரே வேலைய ஷிப்ட் போட்டுப் பாக்குற ரெண்டு ஆளான்னே தெரியல. பயமா இருக்கு அண்ணி."

உருண்டை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மென்றுகொண்டிருந்தாள். அதைப் பிடுங்கும் சாக்கில் பேச்சை விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே சலவைப் பிரிவின் பாய்லர் மண்டையைப் போட்டது. ஒருநாள் எல்லோருக்கும் லீவு. அதற்கு முந்தின ராத்திரிதான், அதிசயமாக, தம்பிக்கு வார விடுமுறை. சின்னவள் உடனே முடிவு கட்டிவிட்டாள். ஊருக்கு வெளியே இருக்கும் தீம் பார்க்குக்குப் போவது. மூன்று பேரும், ஒன்றாக, விழித்திருந்து, ஒரு முழு நாள்.

"அதுக்கு எதுக்குடி அவ்வளவு தூரம்? வீட்லயே இருங்களேன்" என்றேன்.

"வீட்ல இருந்தா அவர் தூங்கிருவாரு. நான் துணிய ஊற வச்சிருவேன். வெளிய போனாதான் அண்ணி வேற வழியில்லாம மூஞ்சிய மூஞ்சிய பார்த்துக்குவோம்."

இனிமேல் சொல்லப்போவதில் பாதி அவன் சொன்னது, பாதி அவள் சொன்னது. இருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பால்பவுடர் டப்பாவோடு ஒரு கூப்பன் வந்திருந்தது. வார நாளில் போனால், ஒரு டிக்கெட்டுக்கு இன்னொன்று இலவசம். உருண்டைக்கு டிக்கெட்டே கிடையாது. வாசலில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட அளவுக்கோல் பக்கத்தில் அவளைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார்களாம். ஒட்டகச்சிவிங்கியின் முட்டிக்குக்கூட வரவில்லை. உள்ளே தள்ளுவண்டி வாடகை என்று கொள்ளையடிப்பார்கள் என்று தெரிந்து, எதிர்வீட்டிலிருந்து ஒன்றை இரவல் வாங்கியிருந்தார்கள். அதை மடித்து பஸ்ஸில் ஏற்றுவதற்குள் கண்டக்டரிடம் ஒரு பாட்டம் திட்டு.

சாப்பாட்டில்தான் வேடிக்கை. வெளிச் சாப்பாடு கொண்டுபோகக்கூடாது, குழந்தைக்கானது மட்டும் போகலாம் என்பது அங்கே சட்டம். வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்தார். உள்ளே முழு ரொட்டி ஒன்று, வேகவைத்த முட்டைகள், ஒரு சீப்பு வாழைப்பழம்.

"இதெல்லாம் யாருக்கு?"

"குழந்தைக்குத்தாங்க" என்றாள் சின்னவள், கூசாமல்.

செக்யூரிட்டி உருண்டையைப் பார்த்தார். உருண்டை பல்லில்லாத வாயைத் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இத்தனை முட்டையும்?"

"வளர்ற புள்ளைங்க."

அந்த மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை மூடி, போங்கள் என்று கையைக் காட்டினார். தம்பி மட்டும் வியர்த்து விறுவிறுத்து நின்றானாம். அவனுக்குப் பொய் வராது. சின்ன வயதில் ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் என்னையும் சேர்த்து மாட்டிவிடுவான்.

உள்ளே போனபிறகுதான் வினை. குழந்தையோடு ஏறக்கூடிய ஆட்டம் ஒன்றே ஒன்றுதான், பொம்மை ரயில். அது மராமத்தில் இருந்தது. மதியத்துக்கு மேல் ஓடலாம், ஓடாமலும் போகலாம் என்றார்கள். மற்ற எல்லாவற்றிலும் ஒருவர் ஏற, ஒருவர் குழந்தையோடு கீழே நிற்க வேண்டும். அவள் ராட்டினத்தில் சுற்றி இறங்கினாள். அவன் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஏறினான். அவன் தண்ணீர்ச் சறுக்கில் நனைந்து வந்தான். அவள் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு முறையும் இருவர் வாயிலிருந்தும் தானாகவே அதே பேச்சு வந்ததாம்: பால் குடிச்சாச்சு, தொப்பியைக் கழட்டிடுறா, பார்த்துக்க.

நாலாவது முறை அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "காசு குடுத்து இங்க வந்தும் டூட்டிதானா?"

"சரி, ஏற வேணாம். உக்காருவோம்" என்றான் அவன்.

ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ரொட்டியும் முட்டையும் உள்ளே போனதும் இருவருக்கும் கண் சொக்கியது. பேசத்தான் வந்திருந்தார்கள், ஆனால் எதை எடுத்துப் பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் "வெயில் ஜாஸ்தி" என்றான். அவள் "ஆமா" என்றாள். அதோடு நின்றுவிட்டது. இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. அந்த "ஆமா"வுக்குப் பிறகு, வந்ததே தண்டம் என்று நினைத்தாளாம்.

உருண்டை தள்ளுவண்டியில் தூங்கிப்போயிருந்தாள். சின்னவள் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். கடையில் வாங்கினால் அநியாய விலை, கழிவறைக்குப் பின்னால் குழாய் இருப்பதை வரும்போதே பார்த்து வைத்திருந்தாள். அவள் எழுந்ததைத் தம்பி பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தான். திறந்து பார்த்தபோது பக்கத்தில் ஆளில்லை. ரயில் ஓடுகிறதா என்று கேட்டு வரலாம் என்று அவனும் எழுந்து போனான்.

பெற்றவர்கள் இப்படியும் இருப்பார்களா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் ஆத்திரமாகத்தான் வந்தது, வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் அவர்கள் வீட்டுக் கணக்கு அப்படி. அந்த வீட்டில் ஒருவர் எழுந்து போகிறார் என்றால் குழந்தை மற்றவர் கையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது அவர்களுக்குப் பழக்கமே இல்லை. அவள் போனபோது குழந்தை அவனிடம் என்று நினைத்தாள். பக்கத்தில் அவள் இல்லாததைப் பார்த்து, குழந்தை அவளிடம் என்று அவன் நினைத்தான். எதிரே நின்ற வண்டியைக்கூடத் தூக்கக் கலக்கத்தில் கவனிக்கவில்லை.

இருவரும் ஆளுக்கொரு பக்கமிருந்து பெஞ்சுக்கு வந்தார்கள். இரண்டு பேர் கையும் காலி. வண்டியையும் காணோம்.

"குழந்தை எங்க?"

"உங்ககிட்ட இல்ல?"

பாட்டில் கீழே விழுந்தது. அவள் ஒரு பக்கம் ஓடினாள், அவன் ஒரு பக்கம் ஓடினான், பிறகு இருவரும் ஒரே பக்கம் ஓடினார்கள். கண்ணில் பட்ட தள்ளுவண்டிகளிலெல்லாம் குனிந்து பார்த்தார்கள். யாரோ ஒரு அம்மாள், "எம் புள்ளைய எதுக்கு பாக்குற?" என்று சண்டைக்கு வந்தாளாம். கடைசியில் பெருக்குகிற பெண் ஒருத்தி கை காட்டினாள். தனியாக நின்ற வண்டியைப் பார்த்து, அவள்தான் காணாமல் போன குழந்தைகளுக்கான அறையில் கொண்டுபோய் விட்டிருந்தாள்.

உருண்டை அங்கே தூக்கம் கலையாமல் கிடந்தாள். போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்த அம்மா ஆஜானுபாகுவான ஆள். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"குழந்தை யார் கையில இருந்துச்சு?"

அவன் தன்னைக் கை காட்டப்போகிறான் என்று சின்னவள் நினைத்தாள். காட்டினால், அதற்குப் பிறகு தங்களுக்குள் மிச்சம் எதுவும் இருக்காது என்றும் நினைத்தாள். அவளே முந்திக்கொண்டு, "என் கையிலதாங்க" என்றாள்.

அதே நேரத்தில் அவனும் சொன்னான்: "என் கையிலதாங்க. அவ தண்ணி பிடிக்கப் போயிருந்தா."

"ரெண்டு பேர் கையிலயும் இருந்தா எப்படிம்மா காணாம போகும்?" அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தணித்தார். "உங்க ரெண்டு பேரையும் பார்த்தா நீங்கதான் காணாம போனவங்க மாதிரி இருக்கு. உக்காருங்க. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க. இதுக்குக் காசு கிடையாது."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் மெத்தை விரித்திருந்தது. சுவரில் சாய்ந்தது மட்டும்தான் இருவருக்கும் நினைவிருக்கிறது. உருண்டை எழுந்து அந்த அம்மாவின் விசிலைக் கடித்து விளையாடிக்கொண்டிருக்க, பெற்றவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். பொம்மை ரயில் கிளம்பிவிட்டது என்று மைக்கில் அறிவித்தபோதுகூட எழவில்லை.

அன்று திரும்பி வந்ததும், சின்னவள் மாடிக்குப் போக, தம்பி என் கடையில் நின்று நடந்ததைச் சொன்னான். நான் திட்டியதையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

"நான்தான்க்கா மொதல்ல முழிச்சேன். ரோலர் கோஸ்டர்ல ஒரு தடவையாவது ஏறணும்னு இருந்துச்சு. ஆனா எந்திரிச்சா இவ முழிச்சிருவா. பார்க் மூடுறவரைக்கும் அப்படியே உக்காந்துட்டேன்."

"அவ்வளவு நேரம் சும்மாவா இருந்த?"

"சும்மா எங்க? உருண்டையை மடியில வச்சு ஏதோ பேசிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினான்.

அவன் போனபிறகு சின்னவள் குழந்தையோடு கீழே வந்தாள். அவளுக்குத் தெரியாததைச் சொல்வதாக நினைத்து, "உன்னை எழுப்பக்கூடாதுன்னு உக்காந்திருந்தானாம்டி" என்றேன்.

"தெரியும் அண்ணி. நான் எப்பவோ முழிச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் எந்திரிக்கல?"

"கண்ணைத் திறந்தா குழந்தையை என் கையில குடுத்துட்டு, பால் குடிச்சாச்சும்பாரு. அதான் திறக்கல." அவள் என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே பேசினாள். "அவர் பேசிட்டே இருந்தாரு அண்ணி. பழைய சூப்பர்வைசரை மாத்திட்டாங்களாம். புதுசா வந்தவன் ஓயாம விரட்டுறானாம். கேன்டீன்ல ஒரு பூனை குட்டி போட்டிருக்காம், மூணு குட்டியாம். எல்லாத்தையும் உருண்டைகிட்ட ஒண்ணு விடாம சொல்றாரு. அடுப்புல தட்டை இழுக்கும்போது கையைச் சுட்டுக்கிட்டாராம், முழங்கைக்கு மேல. 'உங்கம்மாகிட்ட சொல்லிறாத, அவளுக்கு இருக்குற பாடு போதும்'னு சொல்றாரு. எப்ப சுட்டுக்கிட்டாருன்னுகூட எனக்குத் தெரியாது அண்ணி. அவரை நான் பாக்கவே இல்ல."



மறுநாள் காலையில் தம்பி படியடியில் வந்து நின்றான். பாய்லர் சரியாகிவிட்டது, அவள் வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்தாள். அவன் குழந்தையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. நேராக என்னிடம் வந்து உருண்டையை என் மேசைமேல் உட்கார வைத்தாள். திரும்பிப்போய் அவன் சட்டைக் கையைப் பிடித்து மேலே சுருட்டினாள். அவன் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றான். அவள் படியில் உட்கார்ந்து அவனையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"சொல்லுங்க. எப்ப ஆச்சு?"

தெருமுனையில் ஆஸ்பத்திரி பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.