வலது காலை நம்பி ஒரு ஆட்டோமேட்டிக்

கால் மைல் நேர்கோட்டில் பாய்ந்து முடிந்துவிடும் பந்தயத்தில், காரை இருபது வருஷமாக ஓட்டியவர் அவர். தங்கையைத் தவிர எல்லாருக்கும் 'கிளட்ச் அண்ணன்'. ஆட்டோமேட்டிக் கியர் வைத்து ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "லிஃப்ட்ல மொட்டை மாடிக்குப் போயிட்டு, மலை ஏறினேன்ங்கிறான்!"

அப்பேர்ப்பட்டவர் ஒரு மத்தியானம் ஷெட்டுக்கு வந்து, இன்ஜினைப் பூட்டிக்கொண்டிருந்த தங்கையிடம் சொன்னார்: "இதுக்கு ஆட்டோமேட்டிக் போட்டுடலாம்."

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "காய்ச்சலா அண்ணா?"

"இன்ஜின் இப்ப ஆயிரத்து ஐநூறு ஹெச்பி. நான் கிளட்ச்சை மிதிச்சு கியர் மாத்துறதுக்குள்ள பக்கத்துக் கார்க்காரன் வீட்டுக்கே போயிடுவான்."

சொன்னது உண்மை. சொன்ன காரணம் பொய். சர்க்கரை வியாதியில் அவருடைய இடது பாதம் மரத்துப்போயிருந்தது. கிளட்ச் எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று காலுக்குத் தெரியவில்லை. கிளட்ச்சே இல்லாவிட்டால் இடது கால் எதற்கு? வலது காலை வைத்தே இன்னும் சில வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்துவிடலாம். பொய்க்குப் போர்த்திவிட உண்மையைவிட நல்ல போர்வை கிடையாது.

"அப்ப மூணு கியர் இருக்கற பெட்டி வாங்கலாம். எதையும் தாங்கும்," என்றாள் தங்கை.

"தாங்கும். கனமும் அப்படி, இன்ஜின் பலத்தையும் தின்னும். ரெண்டு கியரே போதும். இவ்வளவு பலம் இருக்கறப்போ கிளம்புறதுக்கு இன்னொரு கியர் எதுக்கு, டயர் நின்ன இடத்துலயே சுத்தவா?"

"திட்டுறதுக்காகவே இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியா!"

ரெண்டு கியர் என்றே முடிவானது.

மறுநாள் அவர் ஷெட்டுக்கு நடந்து வந்தபோது தங்கை கேட்டாள்: "வலது செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தார். வெறுங்கால். எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

"வார் அறுந்துபோச்சு."

அவள் தெருவில் இறங்கிப் போய்த் தேடி எடுத்து வந்தாள். வார் நன்றாகவே இருந்தது. அவர் காலடியில் வைத்தாள். பந்தயத்தின் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பறக்கிற காரை நிறுத்த பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் அது.

அப்போதுதான் கன்வெர்ட்டர் செய்கிறவரின் போன் வந்தது. இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெயால் விசையைக் கடத்துகிற அந்தச் சாமானை, வண்டியின் எடை பார்த்துத்தான் செய்வார்கள்.

"கார் எடை சொல்லிட்டீங்க. ஓட்டுறவர் எடை எவ்வளவுண்ணே? அதையும் சேர்த்துக்கணும்."

கிளட்ச் அண்ணன் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாதவர். செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அறுபத்தஞ்சு."

"என்னண்ணே, பட்டினி கிடக்கிறீங்களா?" போனில் சிரிப்பு.

"நான் இல்லப்பா. இனிமே என் தங்கச்சி ஓட்டுவா."

அவர் போனை வைத்தார்.

"அறுபத்தொண்ணுதான்," என்றாள் அவள். "நாலு கிலோ கூட்டிச் சொல்லிட்ட."

"ஹெல்மெட், ரேஸ் சூட்டெல்லாம் போட மாட்டியா?"

அவர் காருக்குள் தலையை நுழைத்தார். "சீட்டை முன்னாடி தள்ளணும். உனக்குக் கால் எட்டாது." போல்ட் அசையவில்லை. "எவன் இப்படி இறுக்கி வச்சான்?"

"நீதான்."

நீளமான குழாய் ஒன்றை ஸ்பேனரில் மாட்டினார். தங்கை மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.